கியாந்தி: கலவை விதியும் எல்லை விதியும்

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் 1385 முதல் ஒயின் தொழிலில் இருந்துவரும் அந்தினோரி குடும்பம், 1971ஆம் ஆண்டு அறுவடையில் தயாரித்த தின்யனெல்லோ என்ற சிவப்பு ஒயினை, சட்டப்படி மிகத் தாழ்ந்த வகையான ‘வீனோ தா தாவோலா’, அதாவது சாதாரண மேசை ஒயின் என்ற அடையாளத்துடன் விற்பனைக்கு அனுப்பியது. திராட்சை விளைந்த தோட்டம், கியாந்தி என்ற புகழ்பெற்ற சிவப்பு ஒயினின் மையப் பகுதியான கியாந்தி க்ளாசிகோ எல்லைக்குள்தான் இருந்தது. அதே தோட்டத்தின் 1970 அறுவடை, நீண்ட நாள் முதிரவைத்த ஒயினுக்குரிய கியாந்தி க்ளாசிகோ ரிசெர்வா என்ற உயர்ந்த பெயரோடு வெளிவந்திருந்தது. ஓராண்டுக்குள் மண்ணும் மாறவில்லை, தயாரித்தவர்களும் மாறவில்லை. சட்டம் விதித்த கலவைக்கு இனிக் கட்டுப்படுவதில்லை என்று முடிவெடுத்ததால் அந்த ஒயின் தன் ஊர்ப் பெயரை விட்டுக்கொடுத்தது. பெயரை விட்ட பிறகு, பெயரோடு விற்ற பெரும்பாலான கியாந்திகளைவிட மிக அதிக விலைக்கு அது போயிற்று.

இந்த நிலை எப்படி உருவானது, சட்டம் அதில் எதைத் திருத்தியது, எதைத் திருத்தாமலே விட்டது என்பதே இந்த ஆய்வின் பொருள். கியாந்தியின் விதிகளில் இரண்டு அடுக்குகள் உண்டு. திராட்சை எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்பது எல்லை விதி. எந்தெந்தத் திராட்சை எத்தனை பங்கு சேர்ந்தது என்று கேட்பது கலவை விதி. தின்யனெல்லோவின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கலவை விதியின் மேல்தான் பழியைப் போடுகிறார்கள். அந்தப் பழி நியாயமானதே. ஆனால் கியாந்திக்கு நேர்ந்த பெரிய சேதம் எல்லை விதியில் நடந்தது என்பதும், அது இன்றுவரை சரிசெய்யப்படவில்லை என்பதும் என் கணிப்பு.

1716: நிலத்தை மட்டும் பேசிய ஆணை

டஸ்கனியின் பெருங்கோமகனாக இருந்த மூன்றாம் கோசிமோ தே மெடிச்சி 1716 செப்டம்பர் 24 அன்று ஓர் ஆணை பிறப்பித்தார். கியாந்தி, பொமீனோ, கர்மின்யானோ, மேல் ஆர்னோ பள்ளத்தாக்கு ஆகிய நான்கு இடங்களின் எல்லைகளை அது வரையறுத்து, அந்த எல்லைகளுக்கு வெளியே விளைந்த ஒயினை அந்தப் பெயர்களில் விற்பதைத் தடை செய்தது. வெளிநாடுகளுக்குக் கப்பலேறிய டஸ்கனி ஒயினில் போலிகள் கலந்து, வாங்குவோரிடம் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதே அரசின் கவலை. கியாந்தியைப் பொறுத்தவரை, ஸ்பெதலூத்சோவிலிருந்து கிரேவே வரை, அங்கிருந்து பன்சானோ வரை, பிறகு ராத்தா, கயோலே, கஸ்தெல்லீனா ஆகிய மூன்று பிரிவுகளையும் உட்கொண்டு சியேனா எல்லை வரை என்று ஊர் ஊராக அந்த ஆணை கோடு போடுகிறது. புளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் இடைப்பட்ட மலைச்சரிவுகள் அவை.

சட்டம் போட்டு ஒயின் பகுதிகளை வரையறுத்த உலகின் முதல் முயற்சிகளில் ஒன்றாக இந்த ஆணை கருதப்படுகிறது. எந்தத் திராட்சையை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற கேள்விக்குள் அது போகவில்லை. அந்தக் கேள்வி எழ இன்னும் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

1872: ரிகாசோலியின் கடிதம்

கயோலேவுக்கு அருகே ப்ரோலியோ கோட்டையின் உரிமையாளரான பெத்தீனோ ரிகாசோலி, ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமர். ‘இரும்புக் கோமகன்’ என்று பெயரெடுத்தவர். அரசியலுக்கு இடையிலும் வெளியிலும் தம் நிலத்தில் பல்லாண்டுகள் வெவ்வேறு திராட்சைகளைக் கலந்து பார்த்து, பிரான்சுக்குச் சென்று அங்குள்ள முறைகளையும் கவனித்து வந்த அவர், 1872இல் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் சேசரே ஸ்தூதியாதிக்கு ஒரு கடிதம் எழுதினார். பிற்காலத்தில் ‘ரிகாசோலி சூத்திரம்’ என்று பிரபலமானது அந்தக் கடிதத்தின் சாரமே.

அதில் அவர் சொன்னது இதுதான்: ஒயினின் மணத்தின் பெரும்பகுதியும் ஒருவித வீரியமும் சான்ஜோவேசே என்ற சிவப்புத் திராட்சையிலிருந்து கிடைக்கின்றன, சான்ஜோவேசேயின் கடுமையை, மணத்தைக் குறைக்காமல் தணிக்கும் இனிமையைக் கனயோலோ என்ற மற்றொரு சிவப்புத் திராட்சை தருகிறது, மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை இவை இரண்டும் சேர்ந்த ஒயினை இளக்கி, அன்றாடம் உணவோடு அருந்த ஏற்றதாக்குகிறது. இதே கடிதத்தில் ஒரு முக்கியமான விலக்கும் இருக்கிறது. நெடுங்காலம் வைத்திருந்து அருந்துவதற்கான ஒயினில் மல்வாசியா தேவையில்லை என்று அவர் எழுதினார். ஆக, அவர் கொடுத்தவை ஒரே பெயருக்குள் இரண்டு வழிகள். சான்ஜோவேசேயின் இயல்பை அறிந்தவருக்கு இதன் நியாயம் புரியும். அந்தத் திராட்சைக்குப் புளிப்பு அதிகம். துவர்ப்பும் இளமையில் முரடாக இருக்கும். சீக்கிரம் குடித்துவிட வேண்டுமானால் எதையாவது சேர்த்து அதை மென்மையாக்கியாக வேண்டும்; பத்து ஆண்டுகள் பீப்பாயிலும் புட்டியிலும் கிடக்கப் போகிறதென்றால் அந்தப் புளிப்பும் துவர்ப்பும்தான் அதைத் தாங்கி நிற்கும்.

இளம் ஒயினை மென்மையாக்க ‘கோவெர்னோ’ என்ற பழைய முறையும் டஸ்கனியில் உண்டு. அறுவடையின்போது ஒரு பங்கு திராட்சையைத் தனியே எடுத்துத் தட்டிகளில் பரப்பியோ தொங்கவிட்டோ சில வாரங்கள் வாடவிடுவார்கள். சர்க்கரை செறிந்த அந்தப் பழங்களைப் பிழிந்து, ஏற்கெனவே நொதித்து முடிந்த ஒயினில் சேர்ப்பார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் ஒயின் மறுபடி மெல்ல நொதிக்கத் தொடங்கும். அதனால் புளிப்புக் குறைந்து, நாவில் லேசான சுரீர் உணர்வோடு, வசந்தத்துக்குள் குடிக்கத் தயாராகிவிடும். வைக்கோல் பின்னிய ‘ஃபியாஸ்கோ’ குடுவையில் உலகமெங்கும் போன கியாந்தி பெரும்பாலும் இந்த வகை மென்மையான ஒயின்தான்.

1932: விரிந்த எல்லை

ஃபியாஸ்கோவின் வெற்றியே கியாந்திக்கு வினையாக வந்தது. பெயருக்குத் தேவை பெருகியபோது, அந்த மலைச்சரிவுகளால் அவ்வளவையும் விளைவிக்க முடியவில்லை. சுற்றுவட்டாரத்து ஒயின்கள் எல்லாம் கியாந்தி என்ற பெயரில் விற்கத் தொடங்கின. இதைத் தடுக்க 1924 மே 14 அன்று 33 தயாரிப்பாளர்கள் ராத்தாவில் கூடி ஒரு கூட்டமைப்பை அமைத்தார்கள். மத்தியகால நூற்றாண்டுகளில் அந்தப் பகுதியின் பாதுகாப்புக்காக இயங்கிய கியாந்தி லீக்கின் சின்னமான கருஞ்சேவலைத் தங்கள் முத்திரையாக எடுத்துக்கொண்டார்கள். புளோரன்ஸின் பழைய அரண்மனையில், ஐந்நூற்றுவர் கூடத்தின் கூரையில் வசாரி தீட்டிய ஓவியத்தில் அந்தச் சேவலை இன்றும் காணலாம்.

அவர்கள் கேட்டது பழைய எல்லையின் பாதுகாப்பு, கிடைத்ததோ வேறு. ஜொவான்னி தல்மாஸ்ஸோ தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1932இல் வந்த அமைச்சக ஆணை, கியாந்தி என்ற பெயரை ஏழு துணைப் பகுதிகளுக்குப் பகிர்ந்தது. பழைய மலைப்பகுதிக்கும் அதை ஒட்டிய சில ஊர்களுக்கும் சேர்த்து ‘க்ளாசிகோ’ என்ற அடைமொழி கொடுக்கப்பட்டது. புளோரன்ஸ், சியேனா, அரெத்சோ, பீசா ஆகிய நகரங்களைச் சுற்றிய குன்றுகள், மோந்தல்பானோ, ரூஃபினா ஆகியவை மற்ற ஆறு. வணிகத்தில் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்ட வழக்கத்தை ஏற்றுக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். பெயரை எடுத்துப் புழங்கியவர்களுக்கு அந்தப் புழக்கத்தையே உரிமையாக்கிய தீர்ப்பு என்று இதைச் சொல்வது மிகையாகாது.

இதில் இன்னொரு வினோதமும் நடந்தது. 1716 ஆணை கியாந்திக்குச் சமமாக, தனிப் பெயராக அங்கீகரித்திருந்த கர்மின்யானோ, 1932இல் கியாந்தி மோந்தல்பானோவுக்குள் கரைக்கப்பட்டது; பொமீனோ ரூஃபினாவுக்குள் போனது. கர்மின்யானோ தன் பெயரை மீட்டு, தனி விதித்தொகுப்புடன் நிற்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1967: விருப்பம் கட்டாயமானபோது

1963இல் இத்தாலியக் குடியரசுத் தலைவரின் 930ஆம் எண் ஆணை, ‘டி.ஓ.சி.’ எனப்படும் கட்டுப்படுத்தப்பட்ட பிறப்பிடப் பெயர் முறையை ஏற்படுத்தியது. நம் நாட்டில் புவிசார் குறியீடு என்று அறியப்படும் ஏற்பாட்டைவிட இது கடுமையானது. இடத்தோடு நில்லாமல் திராட்சை வகை, ஏக்கர் விளைச்சல், ஒயினின் செறிவு, முதிர வைக்கும் காலம் என ஒவ்வொன்றையும் ‘டிஸிப்ளினாரே’ என்ற விதித்தொகுப்பில் எழுதிவைக்கிறது. கியாந்திக்கான தொகுப்பு 1967இல் வந்தது. அதன்படி சான்ஜோவேசே 50 முதல் 80 சதவீதம், கனயோலோ 10 முதல் 30 சதவீதம், ட்ரெப்பியானோவும் மல்வாசியாவும் சேர்ந்த வெள்ளைத் திராட்சை 10 முதல் 30 சதவீதம்.

ரிகாசோலியின் பெயரைச் சொல்லிக்கொண்டே அவருடைய கடிதத்தை மீறிய விதி இது. அவர் இளம் ஒயினுக்கு மட்டும் சொன்ன வெள்ளைத் திராட்சை, முதிர வைக்கும் ரிசெர்வாவுக்கும் கட்டாயமாயிற்று. அவர் மல்வாசியாவைப் பேசினார். சட்டம் அதனோடு ட்ரெப்பியானோவையும் உள்ளே விட்டது. ட்ரெப்பியானோ கொத்துக் கொத்தாகக் காய்க்கும், மணம் குறைந்த திராட்சை. டஸ்கனியெங்கும் ஏராளமாக நடப்பட்டிருந்தது. அதை வைத்திருந்த விவசாயிகளுக்கு ஒரு போக்கிடம் வேண்டும் என்ற கணக்கு இந்த விதிக்குள் இருந்ததை மறுப்பதற்கில்லை.

காலமும் மோசமாக வாய்த்தது. விளைச்சலில் பாதியை நிலக்கிழாருக்குக் கொடுக்கும் ‘மெத்சாத்ரியா’ என்ற வாரச் சாகுபடி முறைக்கு 1964ஆம் ஆண்டுச் சட்டம் முற்றுப்புள்ளி வைக்கத் தொடங்கியிருந்தது. குடியானவர்கள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட, ஒலிவமும் கோதுமையும் திராட்சையும் ஒரே வயலில் கலந்து வளர்ந்த பழைய நிலங்கள் பிடுங்கப்பட்டு, ஐரோப்பியச் சமூகத்தின் நிதியுதவியோடு வரிசைத் தோட்டங்களாக மாறின. அவசரத்தில் நடப்பட்ட சான்ஜோவேசேக் கன்றுகள் தரத்தைவிட விளைச்சலுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. நீர்த்துப்போன அந்தத் திராட்சையோடு 30 சதவீதம் வரை ட்ரெப்பியானோவைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை ஊகிப்பது கடினமன்று: வெளிறிய நிறமும், சாரமற்ற சுவையும், இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்ந்துவிடும் ஆயுளும். சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தவருக்கே இந்த விளைவு வந்தது என்பதுதான் இந்த நிகழ்வின் மையமான முரண்.

வெளியேறியவர்கள்

1971இல் பியேரோ அந்தினோரியும் அவருடைய ஒயின் நிபுணர் ஜாக்கமோ தாக்கிஸும் எடுத்த முடிவை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பெரிய பழைய பீப்பாய்களுக்குப் பதிலாகச் சிறிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களைப் பயன்படுத்தினார்கள். வெள்ளைத் திராட்சையைக் கைவிடும் பாதையில் இறங்கி, 1975 அறுவடையில் அதை முற்றாக நிறுத்தினார்கள். கபர்னே என்ற பிரெஞ்சுத் திராட்சையைச் சேர்த்தார்கள். அதற்கு முன்பே, கடற்கரையோர பொல்கேரியில் கபர்னேயை முதன்மையாகக் கொண்ட சாஸ்ஸிகாயா 1968 அறுவடையோடு சந்தைக்கு வந்திருந்தது. அந்த நிலத்துக்குச் சிவப்பு ஒயினுக்கான எந்தப் பிறப்பிடப் பெயரும் அப்போது இல்லாததால் அதுவும் மேசை ஒயின்தான். இவற்றையும் இவற்றைப் பின்பற்றி வந்தவற்றையும் ஆங்கிலப் பத்திரிகையாளர்கள் ‘சூப்பர் டஸ்கன்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

இந்த இரண்டும் பிரெஞ்சுத் திராட்சையின் பக்கம் போனவை என்பதால், மரபை மீறியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள், அதில் என்ன தவறு என்று ஒருவர் கேட்கலாம். அவருக்குப் பதில் ராத்தாவில் இருக்கிறது. அங்கே மோன்தெவெர்த்தினே பண்ணையை வாங்கிய செர்ஜோ மனேத்தி, 1977 அறுவடையில் ‘லே பெர்கோலே தோர்த்தே’ என்ற ஒயினைச் சான்ஜோவேசேயிலிருந்து மட்டுமே தயாரித்தார். கியாந்தியின் நடு மையத்தில், கியாந்தியின் சொந்தத் திராட்சையால், வேறு எதுவும் கலக்காமல் செய்த ஒயின் அது. 1967 விதிப்படி அதற்குக் கியாந்தி என்று பெயரிட முடியாது; சான்ஜோவேசே 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது! மனேத்தி 1981இல் கூட்டமைப்பிலிருந்து விலகினார். ‘ஈசோலே எ ஓலேனா’ பண்ணையின் செப்பரெல்லோ, ஃபொந்தோதி பண்ணையின் ஃப்ளச்சனெல்லோ என்று சான்ஜோவேசே மட்டுமே கொண்ட மேசை ஒயின்கள் அடுத்தடுத்து வந்தன. பகுதியின் சிறந்த தயாரிப்பாளர்கள் தங்கள் சிறந்த திராட்சையைத் தாழ்ந்த வகைக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பெருமைமிக்க பெயரில் விற்கும் நிலை உருவாயிற்று.

திருத்தங்கள்

சட்டம் மெதுவாகத்தான் நகர்ந்தது. 1984இல் கியாந்தி, ‘டி.ஓ.சி.ஜி.’ என்ற உறுதியளிக்கப்பட்ட உயர்நிலைக்கு ஏறியபோது, க்ளாசிகோவில் வெள்ளைத் திராட்சையின் பங்கு 2 முதல் 5 சதவீதமாகச் சுருங்கியது. வேறு வகைகளுக்கு 10 சதவீதம் வரை இடம் கிடைத்தது. 2 சதவீதம் வெள்ளைத் திராட்சை ஒயினின் சுவையை எவ்வளவு மாற்றும் என்று கேட்டால் விடை சொல்வது கடினம். மரபு என்ற சொல்லுக்குச் செலுத்தப்பட்ட அடையாளக் காணிக்கை அது. 1992ஆம் ஆண்டின் 164ஆம் எண் சட்டம் ‘ஐ.ஜி.டி.’ என்ற இடைநிலை வகையை உருவாக்கி, மேசை ஒயினாகக் கிடந்த சூப்பர் டஸ்கன்களுக்கு டஸ்கனி என்ற இடப்பெயரையாவது கொடுத்தது. 1994இல் பொல்கேரி டி.ஓ.சி.க்குள் சாஸ்ஸிகாயா தனித் துணைப் பகுதியாக இடம்பெற்றது.

1996இல் கியாந்தி க்ளாசிகோ மற்ற கியாந்தியிலிருந்து பிரிந்து தன் சொந்த விதித்தொகுப்பைப் பெற்றது. சான்ஜோவேசே மட்டுமே கொண்ட ஒயின் அங்கே சட்டபூர்வமாயிற்று. 2006 அறுவடையிலிருந்து வெள்ளைத் திராட்சைக்கே தடை வந்தது. 1967இல் கட்டாயமாக இருந்தது, நாற்பது ஆண்டுகளுக்குள் குற்றமாகிவிட்டது. இன்றைய விதி: சான்ஜோவேசே குறைந்தது 80 சதவீதம், மீதம் சிவப்புத் திராட்சைகள், ஹெக்டேருக்கு 7.5 டன்னுக்கு மேல் அறுவடை கூடாது. ரிசெர்வா என்றால் 24 மாதம் முதிர வேண்டும், அதில் மூன்று மாதம் புட்டிக்குள். எழுத்தில் இருந்த விதிகளோடு தோட்டத்திலும் வேலை நடந்தது. ‘கியாந்தி க்ளாசிகோ 2000’ என்ற திட்டத்தின் கீழ் 1980களின் இறுதியிலிருந்து சான்ஜோவேசேயின் நல்ல வழிக்கன்றுகள் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, பழைய தோட்டங்கள் மறுபடி நடப்பட்டன. இன்றைய கியாந்தி க்ளாசிகோவின் தரத்தில் பாதிப் பெருமை இந்தக் கன்றுகளுக்கே சேர வேண்டும் என்பேன்.

கலவை விதி என்றாலே தீங்கு என்ற முடிவுக்கு இதிலிருந்து வந்துவிடவும் கூடாது. தெற்கே மோந்தல்சீனோவில் ப்ருனெல்லோ ஒயினுக்குச் சான்ஜோவேசே 100 சதவீதம் என்பது விதி. 2008இல் சில தயாரிப்பாளர்கள் வேறு திராட்சைகளைச் சேர்த்ததாகச் சியேனா அரசு வழக்கறிஞர்கள் விசாரணையில் இறங்கினார்கள். அமெரிக்கா ஒவ்வொரு சரக்குக்கும் சான்று கேட்டது. விதியைத் தளர்த்திவிடலாம் என்ற யோசனை அப்போது எழுந்தது. அந்த அக்டோபரில் உற்பத்தியாளர்கள் வாக்களித்தபோது, மிகப் பெரும்பான்மையினர் விதி அப்படியே இருக்கட்டும் என்றனர். அங்கே விதி, ஊரில் உள்ளவர்கள் ஏற்கெனவே நல்லதென்று கண்டிருந்ததை எழுதிவைத்தது. கியாந்தியில், விற்காமல் தேங்கிய திராட்சைக்கு இடம் தேடிக் கொடுத்தது.

திருத்தப்படாதது

விதி மாறிவிட்டதால் வெளியேறியவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை. லே பெர்கோலே தோர்த்தே இன்றைய விதிப்படி எந்தத் தடையுமின்றிக் கியாந்தி க்ளாசிகோ ஆகலாம்; ஆனாலும் ஐ.ஜி.டி. என்ற அடையாளத்துடனேயே வருகிறது. தின்யனெல்லோவும் அப்படியே. தயாரிப்பாளரின் பெயரே போதும் என்ற நிலையில் ஊர்ப் பெயர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ஊர்ப் பெயர் ஏன் அவ்வளவு இளைத்தது என்று பார்த்தால் 1932க்கே திரும்ப வேண்டியிருக்கிறது. கடையில் நிற்கும் ஒருவருக்குக் கியாந்தி என்ற சொல் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. கயோலேயின் சுண்ணாம்புக் கற்சரிவில் விளைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து மலரும் ஒயினும், வெகுதூரம் தள்ளிப் பீசாவின் பக்கத்துக் குன்றில் விளைந்து அடுத்த கோடைக்குள் குடித்துவிட வேண்டிய ஒயினும் அந்தச் சொல்லைப் பகிர்கின்றன. பின்னதன் விதித்தொகுப்பில் சான்ஜோவேசே 70 சதவீதம் போதும். 10 சதவீதம் வரை வெள்ளைத் திராட்சைக்கு இன்றும் அனுமதி உண்டு. அது தன்னளவில் நல்ல, மலிவான, உணவுக்கேற்ற ஒயின்தான். அதற்கு வேறொரு பெயர் இருந்திருந்தால் யாருக்கும் குறையில்லை. கலவையின் எண்களை ஓர் அரசாணையால் மாற்றிவிடலாம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் தங்கள் புட்டியில் அச்சிட்டுவரும் பெயரைத் திரும்பக் கேட்க எந்த அமைச்சரும் துணியமாட்டார்.

அதனால் க்ளாசிகோவினர் வெளியே இருப்பதைச் சுருக்க முடியாமல் தங்களுக்குள்ளேயே மேலும் மேலும் கோடு போட்டுக்கொள்கிறார்கள். 2014இல் ‘கிரான் செலெட்சியோனே’ என்ற உச்ச வகை அறிமுகமாயிற்று: சொந்தத் தோட்டத்துத் திராட்சை மட்டும், 30 மாத முதிர்ச்சி. 2021இல் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் பகுதியைப் பதினொரு சிற்றெல்லைகளாகப் பிரிக்க ஒப்புதல் தந்தார்கள். ராத்தா, கயோலே, பன்சானோ, லமோலே போன்ற பெயர்களை கிரான் செலெட்சியோனே புட்டியில் அச்சிட அதன்வழி வாய்ப்புக் கிடைத்தது. அதே முடிவின்படி அந்த வகைக்குச் சான்ஜோவேசே குறைந்தது 90 சதவீதம் ஆகிறது. மீதத்தில் உள்ளூர்த் திராட்சைகளுக்கு மட்டுமே இடம், கபர்னேக்கு இல்லை.

இரு பெயர்களையும் பிரிக்கும் சட்டம் 2010இல் முழுமையடைந்தது. அதன்படி க்ளாசிகோ எல்லைக்குள் விளையும் திராட்சையிலிருந்து வெறும் ‘கியாந்தி’ தயாரிக்க முடியாது. கோசிமோவின் ஆணையில் பெயர் சொல்லப்பட்ட ராத்தா, கயோலே, கஸ்தெல்லீனா ஆகிய ஊர்களின் விவசாயி, அடைமொழி இல்லாமல் தன் ஒயினுக்குக் கியாந்தி என்று பெயரிட இன்று சட்டத்தில் இடமில்லை.